கசந்தால் விஷம் இல்லை

அண்ணன் நிலத்தில், மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் பைப் தண்ணீர் கசியும் இடத்தில், சிறியாநங்கை புதராக மண்டிக் கிடக்கிறது. கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போகிற ஊர் எங்களுடையது. அங்கே பாம்போ, தேளோ, பெயர் தெரியாத பூச்சியோ யாரைக் கடித்தாலும் முதலில் ஓடிவருவது அந்தப் புதருக்குத்தான். நாலு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மெல்லச் சொல்வார்கள். கசந்தால் உடம்பில் விஷம் இல்லை. கசக்காமல் சப்பென்று இருந்தாலோ, தித்தித்தாலோ விஷம் ஏறிவிட்டது. பரிசோதனை அவ்வளவுதான். ரத்தம் எடுக்க வேண்டாம், டோக்கன் போட்டுக் காத்திருக்க வேண்டாம்.

அண்ணன் வைத்தியர் இல்லை. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கரும்பும் போடுகிற விவசாயி. செடி அவர் நிலத்தில் இருக்கிற பாவத்துக்கு ஊர் அவரிடம் வந்து நிற்கும். அதில் அவருக்கு ஒரு பெருமை, அதை மறைக்கவும் மாட்டார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இலையைக் கிள்ளி நீட்டுவார். “கசக்குதா?” என்பார். கடிபட்டவர் முகத்தைச் சுளிப்பார். “ஒண்ணியும் இல்ல, வூட்டுக்குப் போ” என்று அனுப்பிவிடுவார். காசு வாங்க மாட்டார். “இத்தினி வருசத்துல இந்த இலை ஒரு தபா கூட பொய் சொன்னதில்ல” என்பது அவர் அடிக்கடி சொல்கிற பேச்சு.

எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். நிகழ்தகவு பாடத்தில் பைக்குள் சிவப்புப் பந்தும் நீலப் பந்தும் போட்டுக் கைவிட்டு எடுக்கிற கணக்கை வருஷா வருஷம் கத்திக் கத்திச் சொல்லிக் கொடுக்கிறவள். பையில் முக்கால்வாசி நீலப் பந்து இருந்தால், பார்க்காமலே “நீலம்” என்று சொல்கிறவன் முக்கால்வாசி தடவை ஜெயிப்பான். அவனுக்கு ஞானக்கண் இருக்கிறது என்று யாராவது சொல்வார்களா? அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போதெல்லாம் இந்தச் சண்டை வரும்.

“ஏண்ணா, நம்ம ஊர்ல கடிக்கிறது பெரும்பாலும் தண்ணிப் பாம்பும் சாரையும். அதுக்கு விஷமே கிடையாது. நான் ஒரு செங்கல்லக் கையில வச்சிக்கினு, வர்றவங்ககிட்டல்லாம் ‘விஷம் இல்ல, போ’ன்னு சொன்னாலும் சரியாத்தான் வரும். அதுக்காக செங்கல்லு விஷத்தக் கண்டுபுடிச்சிதுன்னு சொல்லுவியா?”

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரிப்பார். பதில் அண்ணியிடமிருந்துதான் வரும். “நாளைலேர்ந்து டீச்சரம்மாவுக்கு செங்கல்ல ஒடச்சி பொரியல் பண்ணிப் போட்டுடலாங்க. அதுவும் கசக்குதான்னு மென்னு பாக்கட்டும்” என்று என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றுவாள்.

அண்ணி என்னைவிட ஒரு வயது சின்னவள். முறைக்குத்தான் அண்ணி. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நாத்தனார் சண்டை என்று ஒன்று எங்களுக்குள் நடந்ததே இல்லை. எனக்கு இருக்கிற வாய்க்கு அவள் ஒருத்திதான் ஈடு. அவர்களுக்கு ஒரே மகள். கட்டிக்கொடுத்து பெங்களூரில் இருக்கிறாள். அதனால் வீட்டில் அண்ணனும் அண்ணியும் மட்டும்தான்.

இலை பொய் சொன்னதே இல்லை என்கிற கணக்கு எப்படி நிலைத்தது என்று எனக்குத் தெரியும். கோலியனூர் பக்கத்திலிருந்து கரும்பு வெட்ட வந்த ஒரு ஆளைக் கண்ணாடிவிரியன் கடித்தது. கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிப்போய்த்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இலையை மென்றுவிட்டு “தித்திப்பா இருக்குது” என்றாராம். இலைக்கு வெற்றி! அந்தக் காலைப் பார்த்தால் பிறந்த குழந்தைக்குக்கூட விஷம் என்று தெரிந்திருக்கும், அதற்கு எதற்கு இலை? இன்னொரு தடவை பின் தெருவில் ஒரு அம்மாள் கொல்லையில் கடிபட்டு வந்து மென்றார், கசந்தது, வீட்டுக்குப் போனார். மறுநாள் மத்தியானம் செத்துக் கிடந்தார். “அது மாரடைப்பு” என்று ஊர் தீர்த்துவிட்டது. டாக்டர் பார்க்கவில்லை, யாரும் சோதிக்கவில்லை, ஆனால் மாரடைப்பு. இலை சொன்னது பலித்தால் கணக்கில் ஏறும். பலிக்காவிட்டால் அது வேறு வியாதி என்று ஆகிவிடும். இந்த மாதிரி மார்க் போட்டால் என் வகுப்பில் ஒரு பிள்ளையும் ஃபெயில் ஆகாது.

இதையெல்லாம் வாய் கிழியப் பேசியிருக்கிறேன். பேசி என்ன ஆயிற்று?

அது ஒரு ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. முந்தின ராத்திரி நல்ல மழை. கரண்ட் போயிருந்ததால் அண்ணி காற்றுக்காக முன்கூடத்தில் வாசல் கதவுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்திருக்கிறாள். நான் காலை பஸ்ஸில் ஊருக்குப் போய் இறங்கினபோது வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்திருந்தாள். “வயிறு இன்னாவோ முறுக்கி முறுக்கிப் புடிக்குது டீச்சரம்மா. தொண்டையில எதுவோ அடைச்ச மாதிரி இருக்குது” என்றாள்.

என்ன சாப்பிட்டாள், ஏது சாப்பிட்டாள் என்று விசாரித்துக்கொண்டிருந்தபோது, பேச்சுவாக்கில்தான் சொன்னாள். “ராத்திரி தூக்கத்துல கையில நறுக்குன்னுச்சி. எறும்புன்னு தட்டிவுட்டுட்டுத் தூங்கிட்டேன்.” கையைத் திருப்பிப் பார்த்தோம். முழங்கைக்குக் கீழே ஒரு சின்னப் புள்ளி. பக்கத்தில் இன்னொன்று இருந்ததா, அது மச்சமா, எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. வீக்கம் இல்லை, வலி இல்லை, சிவந்துகூட இல்லை.

அண்ணன் அதற்குள் மோட்டார் கொட்டகைக்கு ஓடியிருந்தார். இலையோடு வந்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. ஊரில் எத்தனையோ பேருக்கு ஒரு கையால் நீட்டினவர், பெண்டாட்டி வாய்க்கு இரண்டு கையாலும் கொண்டுபோனார்.

“கசக்குதாம்மே?”

அண்ணி மென்றாள். முகம் கோணிக்கொண்டு போயிற்று. “ஐய, கசக்குதுங்க. கொமட்டிக்கினு வருது” என்று வாசலில் போய்த் துப்பினாள்.

அண்ணன் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டார். “வயித்துல கேஸ்தான். ஒரு சோடா வாங்கியாரேன்” என்றார். அண்ணி வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, “பாத்தீங்களா, செங்கல்லுக்கு இது தேவலாம்” என்று சிரித்தாள். அவளுடைய கடைசிச் சிரிப்பு என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

நான் விடவில்லை. கத்தி ஊரைக் கூட்டினேன். இலையும் வேண்டாம் சோடாவும் வேண்டாம், ஜல்தியாக வண்டியை எடு என்று அண்ணனை விரட்டினேன். “உன்னோட பெரிய பேஜாரு” என்று முணுமுணுத்துக்கொண்டுதான் பைக்கை எடுத்தார். அண்ணியை நடுவில் உட்காரவைத்துப் பின்னால் நான் பிடித்துக்கொள்ள, மூன்று பேருமாகத் திண்டிவனம் போனோம். அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம்.

அங்கிருந்த டாக்டர் இளவயசுக்காரர். பொறுமையாகத்தான் கேட்டார். சிஸ்டர் அண்ணியின் கையில் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடி டியூபில் விட்டு ஸ்டாண்டில் நிறுத்திவைத்தார். இருபது நிமிஷம் அதை ஆட்டக் கூடாதாம். விஷம் இருந்தால் ரத்தம் உறையாமல் தண்ணீராகவே இருக்கும், இல்லாவிட்டால் உறைந்துவிடும் என்று சொன்னார்கள். அண்ணன் அந்த டியூபையே பார்த்துக்கொண்டு நின்றார். நேரம் ஆனதும் சிஸ்டர் டியூபைச் சாய்த்தார். ரத்தம் தயிர் மாதிரி கட்டியாக நின்றது.

டாக்டர் சொன்ன வார்த்தை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. “ரத்தம் உறையுது. இந்த டெஸ்ட்ல ஒண்ணும் காட்டல. ஆனாலும் இங்கயே இருக்கட்டும், கவனிச்சுக்கிட்டே இருக்கணும்.” அண்ணன் வெளியே போய்ச் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டார். “டெஸ்ட் எடுத்தாச்சு. விஷம் இல்லியாம்.” டாக்டர் சொன்னதில் பின்பாதி அந்த வராந்தாவிலேயே விழுந்துவிட்டது. ‘இந்த டெஸ்ட்டில் தெரியவில்லை’ என்பது ‘இல்லை’ என்று ஆகிவிட்டது.

திரும்பி வந்து என்னிடம், “பாத்தியா, நம்ம இலை இன்னா சொல்லிச்சோ அதத்தான் அவங்க டியூபும் சொல்லுது” என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. இரண்டு பரிசோதனை ஒரே பதிலைச் சொல்லிவிட்டதே!

இரண்டு பரிசோதனை ஒன்றாகச் சொன்னால் அது இரட்டிப்பு உறுதியா? ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பிள்ளைகள் ஒரே விடையை எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சரி போடுவேனா நான்? அந்த டியூப் நல்ல பரிசோதனைதான். ஆனால் அது பிடிப்பது ரத்தத்தைக் கெடுக்கிற விஷத்தை. கண்ணாடிவிரியனில் அந்த ஜாதி விஷம் உண்டு. கட்டுவிரியன் வேறு. அதன் விஷம் ரத்தத்தைத் தொடாது, நரம்பைத்தான் கட்டும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது. அந்த விஷம் உடம்பு முழுக்க ஓடினாலும் டியூபில் ரத்தம் நன்றாகவே உறையும். இலை எதையும் பார்க்காது, டியூப் இதைப் பார்க்காது. இது எனக்கு அப்புறம்தான் தெரியும். அந்த டாக்டருக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும், அதனால்தான் கவனிக்கச் சொன்னார். கவனிக்க வேண்டியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாங்கள்.

அண்ணிக்குக் கண் சொருக ஆரம்பித்தது. ராத்திரி முழுக்க வயிற்று வலி, பாவம், இப்போதுதான் தூக்கம் வருகிறது என்றோம். சிஸ்டர் ஒரு தடவை வந்து எழுப்பப் பார்த்தார். “இப்பத்தான் கண் அசந்தா, எழுப்பாதீங்கம்மா” என்று அண்ணன் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார். அந்தம்மாவுக்கு வேறு கட்டில்கள் இருந்தன, போய்விட்டார். வெயில் முகத்தில் விழுகிறதே என்று நான் எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். தூங்கட்டும் என்று நினைத்தேன். நன்றாகத் தூங்கட்டும் என்று நினைத்தேன்!

அப்புறம் கீழே கடையில் டீ வாங்கிக்கொண்டு வந்து அவளை எழுப்பி உட்காரவைத்து வாயில் வைத்தேன். ஒரு வாய் உறிஞ்சினாள். டீ கடைவாயில் வழிந்து ஜாக்கெட்டில் இறங்கியது. “முழுங்க முடில” என்றாள். குரல் மூக்கால் வந்தது. தலையைப் பின்னால் சாய்த்து இமைக்கு அடியில் இருந்த கீற்று வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்குத் தூக்கம் வரவே இல்லை. கண்ணைத் திறக்க முடியவில்லை, ஐயோ, அவ்வளவுதான்.

நான் போட்ட கூச்சலில் டாக்டர் ஓடிவந்தார். “மேல பாருங்கம்மா, என் விரலப் பாருங்க” என்றார். அண்ணி நெற்றியைச் சுருக்கிப் புருவத்தைத் தூக்கினாள். இமை அசையவில்லை. “கட்டுவிரியனா இருக்கலாம்” என்றார் டாக்டர். உடனே விஷமுறிவு மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். மேல்மூச்சு வாங்கியது. இங்கே செயற்கை மூச்சு மெஷின் இல்லை, விழுப்புரம் கொண்டுபோங்கள் என்றார்கள்.

ஆம்புலன்ஸில் ஒரு பையன் அவள் மூக்கையும் வாயையும் மூடின ரப்பர் பையை அமுக்கிக்கொண்டே வந்தான். நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். “அண்ணி, கேக்குதா?” என்றேன். விரல் என் விரலை அழுத்தியது. கேட்கிறது. எல்லாம் கேட்கிறது. கண்ணைத் திறக்க முடியவில்லை, பேச முடியவில்லை, மூச்சுவிட முடியவில்லை, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் கேட்கிறது. கூட்டேரிப்பட்டில் எங்கள் ஊருக்குத் திரும்புகிற இடத்தை வண்டி தாண்டியது. முன்சீட்டில் அண்ணன் யாரிடமோ போனில் அழுதுகொண்டிருந்தார். “கசக்குதுன்னுதான் சொன்னா, கசக்குதுன்னுதான்யா சொன்னா.” அதையும் அவள் கேட்டுக்கொண்டுதான் வந்தாள்.

விழுப்புரத்தில் சில நாள் மெஷினில் இருந்தாள். ஒரு நாள் விரல்கள் நன்றாக அசைந்தன, இமை கொஞ்சம் தூக்கியது. பெங்களூரிலிருந்து வந்த மகள் வராந்தாவில் என்னைக் கட்டிக்கொண்டு “அத்த, அம்மா வந்துடும் அத்த” என்று குதித்தாள். அதற்கப்புறம் ஜுரம் வந்தது. நுரையீரலில் சளி கட்டிக் கிருமி தொற்றிவிட்டது என்றார்கள். ஒரு விடியற்காலையில் போய்விட்டாள்.

காரியம் முடிந்து ஆட்கள் கலைந்த அன்றைக்கு அண்ணன் என்னை மோட்டார் கொட்டகைப் பக்கம் கூப்பிட்டார். தாடி வளர்ந்திருந்தது. “நீதான் படிச்சவ. எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. இலைய குடுத்துக்கினு நின்னுக்கினு இல்லாம நேரா தூக்கிக்கினு போயிருந்தா அவ பொழச்சிருப்பாளா?”

இத்தனை வருஷம் அவரோடு சண்டை போட்டவள், ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. அடச்சீ, அந்த ஜெயிப்பு யாருக்கு வேண்டும்? விசாரித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

விழுப்புரத்தில் அண்ணியைப் பார்த்த டாக்டரம்மாவைத் தேடிப் போனேன். நடுவயசு. வார்டு வேலை முடித்து வரும்வரை காத்திருந்து கேட்டேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். அது ஒன்றே அங்கே பெரிய மரியாதை.

“சீக்கிரம் வர்றது நல்லதுதான். அதுல சந்தேகமே இல்லம்மா. மூச்சு நிக்கிறதுக்கு முன்னாடி மெஷின் இருக்கிற இடத்துக்கு வந்துட்டா நிறைய பேரைக் காப்பாத்திடலாம். ஆனா உங்க அண்ணியைப் பத்திக் கேக்கறீங்க. அவங்க இங்க வரும்போது உயிரோடதான் வந்தாங்க. மெஷின்ல போட்டோம், தேறிக்கிட்டும் வந்தாங்க. அப்புறம் இன்ஃபெக்ஷன். ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தா அது வந்திருக்காதான்னு கேட்டா, எனக்குத் தெரியாது.”

“அந்த மருந்த முதல்லயே ஏத்தியிருந்தா?”

“பாம்பு கட்டுவிரியன்னா, அந்த மருந்து எந்த அளவுக்குக் கேக்குதுன்னு எங்களுக்கே முழுசா தெரியாதும்மா. விஷம் நரம்புல உக்காந்துட்டா மருந்தால அதைப் பிரிச்சு எடுக்க முடியறதில்லன்னுதான் நினைக்கிறோம். சீக்கிரம் போட்டும் மெஷினுக்குப் போனவங்களைப் பாத்திருக்கேன். லேட்டா வந்தும் நடந்து வீட்டுக்குப் போனவங்களைப் பாத்திருக்கேன். பல பேரை வச்சு பொதுவா இப்படின்னு சொல்லலாம். இந்த ஒருத்தர் பொழைச்சிருப்பாரான்னு யாரும் சொல்ல முடியாது. சொன்னா பொய்.”

வகுப்பில் நான் சொல்வதும் அதுதான். பையில் எத்தனை நீலம் என்று தெரிந்தாலும் அடுத்து வரப்போகிற பந்தின் நிறம் உனக்குத் தெரியாதுடா என்று பிள்ளைகளிடம் வருஷா வருஷம் சொல்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டபோது அந்த அம்மாவை எனக்கு அறையலாம் போல் இருந்தது. படித்து என்ன, இத்தனை வருஷம் வைத்தியம் பார்த்து என்ன, ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லையா? பஸ்ஸில் ஊர் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். அவர் சொன்னதுதான் நேர்மை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அழுதேன். இதை எடுத்துக்கொண்டுபோய் அண்ணனிடம் எப்படிக் கொடுப்பது?

கொடுத்தேன். வேறு வழி தெரியவில்லை.

“அப்ப என் மேல தப்பு இல்லங்கிறியா?”

“அப்படிச் சொல்ல முடியாதுண்ணா.”

“தப்புங்கிறியா?”

“அப்படியும் சொல்ல முடியாது. தாமதம் ஆச்சி. ஆனா அதனாலதான்னு...”

“இதச் சொல்லத்தான் விழுப்புரம் போனியா?” என்று எழுந்து போய்விட்டார்.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ‘உன் மேல் தப்பே இல்லை, எப்படியும் போயிருப்பாள்’ என்று சொல்லியிருந்தால் அந்த மனுஷன் அன்றைக்குச் சோறு தின்றிருப்பார். எனக்கு வாய் வரவில்லை. அப்படிச் சொன்னால், நாளைக்கு யாரையாவது கடிக்கும்போது, எப்படியும் போகிறவள் போகத்தான் போகிறாள் என்று அதே இலையை நீட்டுவாரே என்று பயந்தேன்.

நான் விட்ட இடத்தை ஊர் பிடித்துக்கொண்டது. ஊருக்கு ‘தெரியாது’ என்கிற வார்த்தையே தெரியாது. யார் ஆரம்பித்தார்களோ, சில மாசத்தில் கதை வேறாகிவிட்டது. இலை கசந்தது. டியூபும் விஷம் இல்லை என்று சொன்னது. வாயாடிக்கொண்டுதான் பைக்கில் போனாள். ஊசி போட்ட அப்புறம்தானே மூச்சு நின்றது? அப்படியென்றால் கொன்றது எது? ஊசி! டீ வழிந்ததும் இமை தூக்காததும் ஊசிக்கு முன்னால் நடந்தது என்பது கதையில் இல்லை. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் அண்ணனும் நானும் மட்டும்தான். அண்ணன் முதலில் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் தலையாட்டினார். கொஞ்ச நாளில் அவரே சொல்ல ஆரம்பித்தார்.

ஒரு தடவை போனில் சண்டை போட்டேன். “ஊசிக்கு முன்னாடியே கண்ணு தொறக்க முடிலயே அண்ணிக்கு, நீயும்தானே பாத்த?”

“அது தூக்கம்” என்றார். “ராத்திரி பூரா அவ தூங்கல. நீ இழுத்துக்கினு போவலன்னா இன்னிக்கும் இருந்திருப்பா.” போனை வைத்துவிட்டார். அதற்கப்புறம் அவர் எனக்குப் போன் பண்ணவே இல்லை.

வருஷ திதிக்குப் போனேன். கூப்பிடவில்லை, ஆனால் அண்ணிக்குப் படைக்கிற சோற்றுக்கு எனக்கு அழைப்பு எதற்கு? மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது வாசலில் சத்தம். பின் தெருக்காரர் ஒருத்தர் பெண்டாட்டியைத் தாங்கிக்கொண்டு நின்றார். வயலில் களை எடுக்கும்போது காலில் எதுவோ கடித்துவிட்டதாம், பாம்பைப் பார்க்கவில்லையாம். அண்ணன் எச்சில் கையோடு எழுந்தார். இலையைக் கொண்டுவந்து நீட்டினார்.

“கசக்குதா?”

“கசக்குதுங்க” என்றாள் அந்தப் பெண்.

முன்பெல்லாம் அதோடு நிறுத்திவிடுவார். இந்தத் தடவை அந்த ஆளின் தோளைப் பிடித்தார். “வூட்டுக்குப் போ. எவன் சொன்னாலும் ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் போயிடாத. என் பொண்டாட்டிய அங்கதான் ஊசி போட்டுக் கொன்னாங்க.”

நான் சாப்பாட்டு இலையை விட்டு எழுந்து கை கழுவாமல் தெருவுக்கு ஓடினேன். அவர்களை வழிமறித்தேன். “அண்ணன் பேச்சக் கேக்காதீங்க. திண்டிவனம் போங்க, நான் கூட வர்றேன். கண்ணு கனக்குதா, முழுங்க முடியுதா பாத்துக்கினே இருக்கணும்.”

அந்த ஆள் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். “விஷமா டீச்சர்? உறுதியா சொல்றீங்களா?”

அந்தக் காலைப் பார்த்தேன். ஒரு கீறல். முள்ளாக இருக்கலாம், தண்ணிப் பாம்பாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். “தெரியாதுங்க. அதனாலதான் போகச் சொல்றேன்” என்றேன்.

“தெரியாதுன்றீங்க. அண்ணன் உறுதியா சொல்றாரே” என்றார் அவர். மரியாதையாகத்தான் சொன்னார். பெண்டாட்டியைத் தாங்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். பின்னாலேயே போய் அவர்கள் வாசலில் உட்கார்ந்தேன். பொழுது சாய்வதற்குள் அந்தப் பெண்ணே வந்து, “நீங்க போங்க டீச்சர், அக்கம்பக்கம் பாக்கறாங்க” என்றாள். கடைசி பஸ்ஸில் திண்டிவனம் வந்தேன். தூக்கம் பிடிக்கவில்லை. அவள் கண்ணைத் திறந்து திறந்து பார்க்கிறாளா என்று கேட்க என்னிடம் அவர்கள் நம்பர்கூட இல்லை.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது போன் அடித்தது. அண்ணன். மாசக்கணக்காகப் பேசாத அண்ணன் தானாகப் பண்ணின போன்.

“அந்தப் பொண்ணு நல்லா இருக்குது” என்றார். “காலைல எழுந்து வயலுக்குப் போயிடுச்சி. சொல்லணும்னு தோணிச்சி, சொன்னேன்.”

“நல்லதுண்ணா” என்றேன். மனசாரத்தான் சொன்னேன், அவள் பிழைத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவர் அழுகிறார் என்று மூச்சில் தெரிந்தது.

“பாத்தியா, இலை சரியாத்தான் சொல்லிச்சி” என்றார். “உங்க அண்ணிக்கும் அது சரியாத்தான் சொல்லியிருக்கும், இல்ல?”

நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார்.